கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும்!

குழந்தையின் உடம்பு சுட்டால் தாய் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். லாரி ஓட்டுகிறவர் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கிறார். பட்டறையில் மோட்டார் சுட்டால் தொழிலாளி சுவிட்சை அணைத்துவிடுகிறார். சூடு ஏறினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், வீட்டிலும் கடையிலும் இருக்கும் கம்ப்யூட்டரின் சூட்டை யார் பார்க்கிறார்கள்?

யாரும் பார்ப்பதில்லை. அது ஓடும்வரை ஓடுகிறது. ஒரு நாள் நின்றுவிடுகிறது. அதற்குள் இருந்த கணக்குகளும், கல்யாணப் படங்களும், பிள்ளைகளின் படிப்பும் அதோடு போய்விடுகின்றன. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்று தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான்.

இந்த நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தடுக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அதிகப் பணமும் வேண்டியதில்லை. கொஞ்சம் கவனம் இருந்தால் போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்சார மீட்டரைப் பார்க்கிறோம் அல்லவா? அதைப் போல இதையும் ஒரு பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நினைவுப் பெட்டி

கம்ப்யூட்டரில் பல உறுப்புகள் இருக்கின்றன. திரை உடைந்தால் புதுத் திரை வாங்கலாம். எழுத்துப் பலகை கெட்டால் மாற்றலாம். எல்லாம் கடையில் கிடைக்கும்.

கடையில் கிடைக்காதது ஒன்று உண்டு. அதுதான் கம்ப்யூட்டரின் நினைவு. அந்த நினைவைத் தாங்கிக்கொண்டிருக்கும் உறுப்புக்கு 'ஹார்ட் டிஸ்க்' என்று பெயர். கணக்குகள், படங்கள், கடிதங்கள் எல்லாம் அதில்தான் பதிந்திருக்கின்றன. அது கெட்டால் புது டிஸ்க் வாங்கிவிடலாம். ஆனால் அதில் இருந்த விஷயங்களை எந்தக் கடைக்காரரும் விற்க முடியாது. பாட்டி பேரனுக்குத் தாலாட்டுப் பாடிய வீடியோவை மறுபடியும் எங்கே போய் வாங்குவது?

ஹார்ட் டிஸ்க் முதன்முதலில் 1956-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஐ.பி.எம். கம்பெனி செய்தது. அதற்குள் 50 தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டும் 2 அடி அகலம். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனை பெரிய இயந்திரத்தில் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களைக் குளிரூட்டிய அறையில்தான் வைப்பார்கள். நம் நாட்டிலும் பல இடங்களில், கோவிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதைக் கேட்டு இன்று பலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. சூடும் தூசியும் கம்ப்யூட்டருக்குப் பகை என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று கம்ப்யூட்டர் சிறுத்துவிட்டது. விலையும் குறைந்துவிட்டது. அதனால் பயமும் போய்விட்டது. பகை மட்டும் போகவில்லை!

சுழலும் தட்டு

ஹார்ட் டிஸ்க் ஏன் சுடுகிறது?

அதற்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் இருக்கின்றன. மேசைக் கம்ப்யூட்டரில் உள்ள பல டிஸ்க்குகளில் இந்தத் தட்டு நிமிஷத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. ஓர் எக்ஸ்பிரஸ் ரெயிலின் வேகம்!

தட்டின் மேல் ஒரு சிறு 'தலை' மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. தட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி, மனிதனின் தலைமுடிப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு நெருக்கம். ஆனாலும் தொடக் கூடாது. தொட்டால் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் எழுதியது அழிந்துபோகும்.

இரவும் பகலும் மோட்டார் சுற்றினால் சூடு பிறக்கும். அந்தச் சூடு வெளியேறக் காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். உலோகம் சூட்டில் விரியும். மோட்டாரில் உள்ள எண்ணெய்ப் பசை சீக்கிரம் கெடும். மின்சாரச் சில்லுகளின் ஆயுள் குறையும். ஒரே நாளில் இது தெரியாது. கரையான் மரத்தை அரிக்கும். இந்தச் சூடு இரும்பையே மெல்ல அரிக்கும் கரையான்!

இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்புகளில் சுழலும் தட்டு இல்லை. 'எஸ்.எஸ்.டி.' என்ற சில்லு இருக்கிறது. அது சுற்றுவதில்லை, சத்தமும் போடுவதில்லை. ஆனால் வேலை செய்யும்போது அதுவும் சுடும். அளவுக்கு மீறிச் சுட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "லேப்டாப் மத்தியானத்தில் ஆமை போல நகர்கிறது" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மேற்கே வெயில்

சென்னையில் வெயில் புதிதல்ல. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. பகலில் கடற்காற்று வரும். திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் முதலில் வரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு வந்து சேர நேரமாகும். சில நாள் களைத்துப்போய் வரும். சில நாள் வராமலே போய்விடும். அதனால் மேற்குப் புறநகரில் உச்சி வெயில் அதிக நேரம் நிற்கிறது.

வெயில் மட்டும்தானா? தூசியும் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அதைச் சுற்றித் தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகள். ஆவடியில் 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. இரும்புத் தூள், சிமெண்டுத் தூள், ரோட்டுப் புழுதி எல்லாம் காற்றில் கலந்து வருகின்றன. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குட்டி விசிறி அந்தத் தூசியை உள்ளே இழுக்கிறது. சில மாதத்தில் விசிறியின் இறக்கைகளில் பஞ்சு போலத் தூசி படிகிறது. காற்று வழி அடைபடுகிறது. சூடு வெளியே போக முடியாமல் தவிக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க், அறையைவிட 10 அல்லது 15 டிகிரி அதிகமாகச் சுடுவது வழக்கம். அறையில் 28 டிகிரி என்றால் டிஸ்க்கில் 40 டிகிரி சுமார். பயமில்லை. அதே அறையில் மே மாதம் 40 டிகிரி என்றால்? டிஸ்க்கில் 50, 55! மூடிய அலமாரிக்குள் இருந்தால் இன்னும் மேலே. பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் உச்ச எல்லையே 60 டிகிரிதான்.

ஒரே ஊர், இரண்டு காட்சி

அம்பத்தூரில் ஓர் அதிசயம் இருக்கிறது. உலகத்துக் கம்பெனிகளின் கணக்குகளைக் கட்டிக் காக்கும் பெரிய 'டேட்டா சென்டர்கள்' அங்கே வந்திருக்கின்றன. ஜப்பான் நாட்டின் என்.டி.டி. நிறுவனம் 2023-ல் ஒன்றைத் திறந்தது. 6 ஏக்கர் வளாகம். உள்ளே உள்ள கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 34.8 மெகாவாட் மின்சாரம் தரும் திட்டம். ஐதராபாத்தைச் சேர்ந்த கன்ட்ரோல்-எஸ் நிறுவனமும் 2024-ல் அம்பத்தூரில் ஒரு மையத்தைத் தொடங்கியது.

இப்படிப்பட்ட மையங்களில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் நிற்கும். குளிர் காற்று ஒரு பக்கம் போகும். சூடான காற்று மறுபக்கம் வெளியேறும். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது உலகம் முழுவதும் நிபுணர்கள் ஏற்ற கணக்கு. இரவும் பகலும் ஆட்கள் மாறி மாறிச் சூட்டைக் கவனிப்பார்கள். கூடினால் மணி அடிக்கும்.

இது ஒரு காட்சி.

அதே ஊரில், நாலு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். திருட்டுப் பயத்துக்காக நாலு கேமரா போட்டிருக்கிறார்கள். கேமரா பிடிக்கும் படம் 'டி.வி.ஆர்.' என்ற பெட்டியில் பதிவாகிறது. அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. வருஷத்தின் 365 நாளும் அது ஓய்வின்றிச் சுற்றுகிறது.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? மேலே பரணில்! கூரைக்கு ஒரு முழம் கீழே. வெயிலில் காய்ந்த மொட்டை மாடி நேராக அதன் தலைமேல். பக்கத்தில் பழைய அட்டைப் பெட்டிகள். தூசி படியக் கூடாது என்று மேலே ஒரு துணியைப் போர்த்தியிருப்பார்கள்! நல்ல எண்ணம்தான். ஆனால் கோடையில் ஒருவருக்குக் கம்பளி போர்த்திவிட்டு, "ஏன் வேர்க்கிறது?" என்று கேட்பது போன்றது அது.

ஒரு நாள் கல்லாவில் பணம் காணாமல் போகிறது. போலீஸ்காரர் வந்து முதலில் கேட்பது கேமராப் பதிவைத்தான். பெட்டியைத் திறந்து பார்த்தால், டிஸ்க் கெட்டு மூன்று மாதம் ஆகிறது. பதிவு எதுவும் இல்லை. கேமரா மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா விழித்துக்கொண்டிருந்தது!

கோடிக்கணக்கில் பணம் போட்ட இடத்தில் சூட்டைப் பார்க்கிறார்கள். உழைத்துச் சேர்த்த சிறு பணத்தைப் போட்ட இடத்தில் பார்ப்பதில்லை. பெரிய கம்பெனிக்கு ஒரு டிஸ்க் போனால் நூறு டிஸ்க் இருக்கும். சிறு கடைக்காரருக்கு இருப்பதே ஒன்றுதான். உண்மையில் அதிகக் கவனம் தேவைப்படுவது யாருக்கு?

பெட்டியே சொல்லும்

சூட்டை எப்படிப் பார்ப்பது? கை வைத்துப் பார்த்தால் போதாது. வெளிப்பெட்டி குளிர்ந்திருக்கும்போது உள்ளே டிஸ்க் கொதிக்கலாம்.

நல்ல வேளையாக, டிஸ்க்குக்குள்ளேயே சூடு அளக்கும் சாதனம் இருக்கிறது. 'ஸ்மார்ட்' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். 1990-களிலிருந்தே டிஸ்க்குகளில் இது வந்துவிட்டது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை டிகிரி சூடு, எத்தனை இடங்கள் கெட்டுப்போயின என்று டிஸ்க் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ஒழுங்கான கணக்குப்பிள்ளை போல! பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பவர்தான் இல்லை.

அதைப் புரட்டிப் பார்க்க இலவசச் சாதனங்கள் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்பது பெயர் பெற்றது. ஜப்பானில் உருவானது. திறந்ததும் டிஸ்க்கின் சூட்டை டிகிரிக் கணக்கில் காட்டும். நிலைமை நன்றாக இருந்தால் நீல நிறம். கவனம் தேவை என்றால் மஞ்சள். மோசம் என்றால் சிவப்பு. ரோட்டு சிக்னல் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். விண்டோஸ் 11-ல், சில வகை எஸ்.எஸ்.டி.களின் சூட்டை 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்டோரேஜ்' என்ற இடத்திலேயே பார்க்கலாம். பல டி.வி.ஆர். பெட்டிகளிலும் மெனுவில் ஹார்ட் டிஸ்க் பகுதிக்குப் போனால் அதன் நிலைமை தெரியும்.

சுழலும் டிஸ்க்குக்கு ஒரு சுலபமான கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 45 டிகிரிக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். 45-ஐத் தாண்டினால் காற்று வழியைப் பார்க்க வேண்டும். 50-ஐத் தாண்டினால் பெட்டி இருக்கும் இடத்தையே மாற்ற வேண்டும். 60-ஐ நெருங்கினால் வேலையை நிறுத்தி, ஒழுங்காக அணைத்துவிட வேண்டும். எஸ்.எஸ்.டி. இதைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டைத் தாங்கும். 70-ஐத் தொட்டால் அதற்கும் ஓய்வு தேவை.

சூட்டைக் குறைக்க ஏ.சி. வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடலாம். அலமாரிக் கதவைத் திறந்து வைக்கலாம். மேலே போர்த்திய துணியை எடுத்துவிடலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறியின் தூசியைத் துடைக்கலாம். லேப்டாப்பை மெத்தையிலும் தலையணையிலும் வைக்காமல் பலகையில் வைக்கலாம். இதற்கெல்லாம் காலணாச் செலவு கிடையாது.

முழு உண்மை

சூட்டைப் பார்த்துவிட்டால் டிஸ்க் கெடவே கெடாதா? அப்படிச் சொன்னால் அது பொய்.

2007-ல் கூகுள் நிறுவனத்தின் நிபுணர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து எழுதியது. அதில் ஓர் ஆச்சரியம் இருந்தது. மிதமான சூட்டில் ஓடிய டிஸ்க்குகள், குளிர்ச்சியாக ஓடியவற்றைவிட அதிகமாகக் கெடவில்லை! சூடு மிகவும் கூடியபோதுதான், அதிலும் மூன்று நான்கு வயதான டிஸ்க்குகளில்தான், சேதம் கூடியது.

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். டிஸ்க்கின் பரப்பில் முதல் பழுது தென்பட்டதும் அடுத்த 60 நாட்களுக்குள் அது செத்துப்போகும் அபாயம் 39 மடங்கு கூடுகிறது. ஆனால் கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவிகிதம், எந்த அடையாளமும் காட்டாமலே கெட்டன!

இதன் பொருள் என்ன? ஏ.சி. அறையில் இருக்கும் டிஸ்க்கும் கெடலாம். நீல நிறம் காட்டும் டிஸ்க்கும் நாளைக்கே நிற்கலாம். சூட்டைப் பார்ப்பது அவசியம். ஆனால் அதை நம்பி மட்டும் தூங்கிவிடக் கூடாது. அந்த ஆராய்ச்சி குளிரூட்டிய பெரிய மையங்களில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே மே மாதத்துப் பரண் கிடையாது!

பரணா? தரையா?

"சரி, பரண் வேண்டாம். கீழே தரையில் வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லலாம்.

2015-ம் ஆண்டு டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. பட்டறைகளில் இயந்திரங்கள் நீரில் நின்றன. தரையில் வைத்திருந்த கம்ப்யூட்டர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மேலே வைத்தால் வெயில். கீழே வைத்தால் வெள்ளம். மேற்குப் புறநகர்க்காரரின் பாடு இதுதான்! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வழி இல்லாமல் இல்லை. நிற்கும் ஒருவரின் மார்பு உயரத்தில், காற்று வரும் இடத்தில், வெயில் படாத சுவரில் ஒரு பலகை அடித்து வைக்கலாம். பரணைவிடக் குளிர்ச்சி. தரையைவிடப் பத்திரம்.

ஆனாலும் எந்தப் பலகையும் எல்லா ஆபத்தையும் தடுத்துவிடாது. அதற்குத்தான் நகல்.

மேகமும் மண்ணில்தான்

"எங்கள் படங்கள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. எங்களுக்கு என்ன கவலை?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

கிளவுட் என்றால் மேகம். ஆனால் அந்த மேகம் வானத்தில் இல்லை. பூமியில்தான் இருக்கிறது. எங்கேயோ ஒரு கட்டடத்தில், யாருடைய டிஸ்க்கிலோ இருக்கிறது. அதுவும் சுடும்.

2022-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி இங்கிலாந்தில் வரலாறு காணாத வெயில். அந்த நாட்டில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. நமக்கு அது சாதாரணம். அவர்களுக்கு அது பேரிடி. லண்டனில் கைஸ், செயின்ட் தாமஸ் என்ற புகழ்பெற்ற ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் மையங்கள் சூடு தாங்காமல் நின்றன. நோயாளிகளின் குறிப்புகளைப் பார்க்க முடியாமல் டாக்டர்கள் மறுபடியும் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்கள். எல்லாம் சீராகப் பல வாரங்கள் ஆயின. கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் லண்டன் மையங்களும் அன்று தடுமாறின.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி தென் கொரியாவில் அதைவிடப் பெரிய விபத்து. டேஜான் நகரில் உள்ள அரசாங்கக் கம்ப்யூட்டர் மையத்தில் மின்கலங்கள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் கிடங்கு எரிந்து போயிற்று. அதற்கு வேறு இடத்தில் நகல் கிடையாது! தொழில் நுட்பத்தில் உலகுக்கே வழிகாட்டும் நாடு அது. அங்கேயே இந்த நிலை.

மேகத்தை நம்பலாம். மேகத்தை மட்டும் நம்பக் கூடாது.

மூன்று இடம்

கம்ப்யூட்டர் நிபுணர்கள் ஒரு நல்ல விதியைச் சொல்கிறார்கள். முக்கியமான எதற்கும் மூன்று பிரதி வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

இது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதே அல்ல. வீட்டு நகையை ஒரே டப்பாவில் வைக்க மாட்டார்கள். கொஞ்சம் பீரோவில், கொஞ்சம் பாங்க் லாக்கரில் வைப்பார்கள். அதே புத்தியைக் கம்ப்யூட்டருக்கும் காட்டினால் போதும். ஒரு பிரதி கம்ப்யூட்டரில். ஒன்று தனி டிஸ்க்கில். ஒன்று கிளவுடில், அல்லது வேறு ஊரில் உள்ள அக்கா வீட்டில். தனி டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகி வைக்கக் கூடாது. நகல் எடுத்ததும் கழற்றி, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யையும் பென் டிரைவையும் வருஷக்கணக்கில் சூடான பீரோவில் மறந்துவிட்டால், மின்சாரம் இல்லாமல் அவற்றின் பதிவு மெல்ல மங்கிவிடலாம். அவ்வப்போது எடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திறக்காத நகல், சாவி தொலைந்த பூட்டு.

டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, முறிந்த காலால் ஓடச் சொல்வது போன்றது. சிலர் கெட்ட டிஸ்க்கை ஐஸ் பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்கக் கூடாது. வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும். இருந்ததும் போகும். மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடவே கூடாது.

யார் பொறுப்பு?

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மளிகை விற்பவருக்கு டிஸ்க்கின் சூடு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கேமராவும் கம்ப்யூட்டரும் பொருத்துகிறவர்களுக்குத்தான் முதல் கடமை. பெட்டியைப் பரணில் தள்ளிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போவது முறையல்ல. காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். சூட்டையும் பதிவையும் எப்படிப் பார்ப்பது என்று கடைக்காரரைச் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் போதும். பில்லில் அந்தப் பத்து நிமிஷமும் சேர்ந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்கள் இலவச லேப்டாப் பெற்றார்கள். பல ஏழை வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். கம்ப்யூட்டரில் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதியதைக் காப்பாற்றவும் ஒரு பாடம் நடத்தலாமே!

வியாபாரிகள் சங்கங்களும், குடியிருப்போர் சங்கங்களும் மனசு வைக்கலாம். விவரம் தெரிந்த இளைஞர்களுக்கு அம்பத்தூரிலும் ஆவடியிலும் பஞ்சமில்லை. கோடை பிறப்பதற்கு முன் ஒரு நாள் வைத்து, தெருவில் உள்ள பெட்டிகளை எல்லாம் சோதித்துக் கொடுத்தால் எத்தனையோ நஷ்டம் மிச்சமாகும்.

வீட்டிலும் கடையிலும் நாள் குறித்துக்கொள்வது நல்லது. அமாவாசைக்கு அமாவாசை கடைக்குப் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழிக்கிறார்கள். அன்றைக்கே டிஸ்க்கின் சூட்டையும் பார்த்து, ஒரு நகலும் எடுத்துவிடலாம். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். பொட்டு வைப்பதற்கு முன் அதன் தூசியைத் துடைத்தால், அதுவும் பூஜைதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைகளில் கூட்டம் மத்தியானத்துக்கு மேல் குறையும். பிள்ளைகளுக்கும் லீவு. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பையனோ பெண்ணோ இருந்தால், "அதன் சூடு எத்தனை டிகிரி, பார்த்துச் சொல்லு" என்று பெற்றோர் கேட்கலாம். அப்படியே, "நம் படங்களுக்கு நகல் எங்கே இருக்கிறது?" என்றும் கேட்கலாம்.

முதல் கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், இன்று சாயந்திரத்துக்குள் அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.